நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய கார்

(பதினோராம் வகுப்பு மாணவியர்)

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு சனிக்கிழமை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைக் காண எங்கள் வகுப்பு புறப்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தபோது அதில் அடித்து வரப்பட்ட மரம் அது. 18 மீட்டர் நீளத்திற்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். கண்குளிரக் கண்டோம். ஆனால் அன்று எங்கள் மனத்தில் ஆழப் பதிந்தது கல்மரம் மட்டுமன்று.

திரும்பும் வழியில் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அதற்கு வழிவிட எங்கள் வேன் சற்று ஒதுங்கியது. முதல்நாள் இரவு பெய்த மழையில் சாலையோரக் கரிசல் மண் வெண்ணெயாய் இளகியிருந்தது. பின்சக்கரம் ஒன்று அதில் இறங்கிவிட்டது. ஓட்டுநர் எவ்வளவு முயன்றும் வேன் அசையவில்லை. இறங்கி நின்ற நாங்கள் ஒரு வியப்பைக் கண்டோம். சேற்றில் இருந்த சக்கரம் மாத்திரம் வெறிகொண்டு சுழன்றது. தார்ச்சாலையின்மேல் இருந்த மற்றப் பின்சக்கரமோ ஆடாமல் அசையாமல் நின்றது!

அந்நேரத்தில் பக்கத்து வயற்பாதையிலிருந்து சற்று உயரமான சிறிய கார் ஒன்று வந்தது. அதே கரிசல், அதே சேறு. அதன் முன்சக்கரம் அரைச்சுற்று வழுக்கியது. பிறகு கார் மெல்ல ஏறித் தார்ச்சாலைக்கு வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் ஒரு பெண் கால்நடை மருத்துவர். கன்று ஈனமுடியாமல் தவித்த பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்னார். "எப்படி டாக்டர் அம்மா, உங்கள் வண்டி மட்டும் ஏறியது?" என்று கேட்டோம். "இதில் நாலு சக்கரமும் இழுக்கும், அம்மா" என்று சிரித்தார். எதிரே வந்த டிராக்டர்க்கார அண்ணன் கயிறு கட்டி எங்கள் வேனை வெளியே இழுத்துவிட்டார். "கரிசல் பிடிச்சா லேசுல விடாதும்மா" என்றார்.

மறுவாரம் எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைப்பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

சக்கரம் ஏன் வீணே சுழல்கிறது?

மாட்டுவண்டி வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் உருளும். மாட்டுவண்டியில் இரண்டும் தனித்தனியே சுழல்வதால் தொல்லை இல்லை. காரிலோ எஞ்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்தே சுழற்ற வேண்டும். ஆகவே அவற்றின் நடுவே 'டிஃபரென்ஷியல்' என்னும் பற்சக்கரக் கூடு ஒன்றை வைத்தார்கள். அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைப் பங்கிடும்.

அங்கேதான் சிக்கல். சேற்றில் இருக்கும் சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லை. அதைச் சுழற்ற மிகச்சிறு விசையே போதும். சம பங்கு என்னும் விதிப்படி, தரையில் உள்ள சக்கரத்திற்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். வண்டியைத் தள்ள அது போதாது. எங்கள் வேனில் நடந்தது இதுதான். மற்ற இரு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலிமை போயிருந்தால் அவை கைகொடுத்திருக்கும்.

ஜீப்பும் ஜிப்சியும்

நான்கு சக்கரத்திற்கும் வலிமை தரும் எண்ணம் புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய வில்லிஸ் ஜீப் 1941-ல் உருவானது. போருக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் அதை நம் நாட்டில் இணைத்து விற்றது. மாருதி நிறுவனம் 1985-ன் இறுதியில் 970 சி.சி. எஞ்சினுடன் 'ஜிப்சி'யைக் கொண்டுவந்தது. படையினரும் காவல்துறையினரும் வனத்துறையினரும் அதைப் பல்லாண்டு ஓட்டினர். அதன் வழித்தோன்றலான 'ஜிம்னி' 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது.

இவ்வகை வண்டிகளில் ஓட்டுநரே ஒரு நெம்புகோலை இழுத்து நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றுக்கும் மலைக்கும் இதுவே சிறந்தது. ஏறமுடியாத மேட்டில் ஏற மிக மெதுவான 'லோ' கியரும் உண்டு. ஆனால் உலர்ந்த தார்ச்சாலையில் இதைப் பயன்படுத்தலாகாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் செல்ல வேண்டியிருப்பதால், இறுகிப் பற்சக்கரங்கள் தேயும். பழைய ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போவதும் நெடுந்தூரப் பயணத்திற்கு ஏற்றதன்று.

இடைப்பட்ட ஒரு வண்டி

காரைப்போல் சுகமாகவும், ஜீப்பைப்போல் துணிவாகவும் ஒரு வண்டி வேண்டுமென்று மக்கள் விரும்பினர். ஜப்பானில் பனிபடர்ந்த மலைகளில் மின்கம்பிகளைச் சரிபார்க்கும் ஊழியர்களுக்கு ஜீப்பின் குளிரும் குலுக்கலும் பிடிக்கவில்லை. அவர்களது மின்வாரியம் கேட்டுக்கொண்டதன் தொடர்ச்சியாக, சுபாரு நிறுவனம் 1972-ல் நான்கு சக்கர இயக்கம் கொண்ட 'லியோன்' காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-ல் டொயோட்டாவின் 'ராவ்4' வந்தது. காரின் உடற்கூட்டையே உயர்த்தி அமைத்த இவ்வகை வண்டிகளுக்குப் பின்னாளில் 'கிராஸோவர்' என்று பெயர் வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ நிறுவனம் 'டஸ்டர்' காரை 2012 முதல் தயாரித்தது. 2014-ல் அதில் நான்கு சக்கர இயக்கத்தையும் சேர்த்தது. 1,500 சி.சி. டீசல் எஞ்சின், ஆறு கியர்கள், தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். அந்த டஸ்டரின் விற்பனை 2022-ல் நின்றுவிட்டாலும், பழைய வண்டிகளைத் தேடி வாங்குவோர் உண்டு. டாக்டர் அம்மா ஓட்டி வந்ததும் அதுவே. 2022-ல் வந்த மாருதி 'கிராண்ட் விட்டாரா'விலும் இவ்வகை இயக்கம் தரப்பட்டது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? சாதாரண வேளையில் முன்சக்கரங்களே காரை இழுக்கும். பின்பக்கத்திற்கு ஒரு நீண்ட தண்டு செல்கிறது. அதன் முடிவில் மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு கிளட்ச் உள்ளது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணர்கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. முன்சக்கரம் வழுக்கியதும் மின்னணுக் கருவி அத்தகடுகளை நெருக்குகிறது. வலிமை பின்சக்கரங்களுக்குப் போகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். டஸ்டரில் இதற்கு ஒரு திருகு உண்டு. அதை இரு சக்கர இயக்கம், 'ஆட்டோ', 'லாக்' என்று மூன்று நிலைகளில் வைக்கலாம்.

வாங்குவோர் விரும்புவது ஏன்?

டாக்டர் அம்மா சொன்ன காரணங்களை நாங்கள் குறித்து வைத்தோம்.

முதலாவது, உயரம். பள்ளத்திலும் வரப்பு மேட்டிலும் வண்டியின் அடிப்பாகம் இடிபடாது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு இடையே செல்லும்போது சாலை தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, இருக்கை. மூட்டுவலி உள்ள முதியோர் தாழ்ந்த காரில் குனிந்து இறங்க வேண்டும். ஜீப்பில் எம்பி ஏற வேண்டும். இதில் நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம்.

மூன்றாவது, சிறிய உருவம். பெரம்பலூர்க் கடைத்தெருவில் நிறுத்தவும் திருப்பவும் எளிது. ஓட்டுவதற்கும் காரைப் போன்றே இலகு.

நான்காவது, மனத்துணிவு. இரவில் மழையில் தனியே செல்லும் ஒரு பெண்ணுக்கு, 'பாதியில் நின்றுவிடாது' என்னும் நம்பிக்கை பெரிது.

இவற்றில் முதல் மூன்று நன்மைகளும் உயரமான சிறு கார் எதிலும் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். நான்கு சக்கர இயக்கம் தருவது நான்காவதை மட்டுமே. அதற்கு விலை அதிகம், எடை அதிகம், எரிபொருள் செலவும் சற்று அதிகம். வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கும் 1,200 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் கார்களுக்கும் 40 சதவீத வரி. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதமே. ஜிம்னி 4 மீட்டருக்குள் அடங்கினாலும் அதன் எஞ்சின் பெரிதாதலால் சலுகை இல்லை.

எதைச் செய்யாது?

நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி விரைவில் நிற்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஈரச்சாலையில் நிறுத்துவது டயரின் பிடிப்பும் ஓட்டுபவரின் நிதானமுமே. எளிதில் புறப்படும் வண்டி எளிதில் நிற்கும் என்று நம்பி வேகமாய்ச் செல்வது ஆபத்து.

கரிசல் மண்ணுக்கும் ஒரு குணம் உண்டு. நனைந்தால் ஊதிப் பெருத்துப் பசைபோல் ஒட்டும். சாதாரண டயரின் வரிப்பள்ளங்களில் அது அடைத்துக்கொண்டால் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். பிறகு நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும். டிராக்டர் டயரில் பெரிய பெரிய மேடுகள் இருப்பது இதனால்தான்.

யாவற்றிலும் பெரிய ஆபத்து, வெள்ளம். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்ததால் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இரும்புப் பாதையில் ஓடிய ரயிலுக்கே அந்நிலை என்றால், தரைப்பாலத்தின்மேல் புரளும் நீரில் ஒரு சிறு கார் எம்மாத்திரம்? ஓடும் நீர் இரண்டடி உயர்ந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மிதக்கும் வண்டிக்கு எத்தனை சக்கரம் இழுத்தாலும் பயனில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

எங்களுள் ஒருத்தியின் தந்தை சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடுபவர். வீடு வயற்காட்டில் இருக்கிறது. தார்ச்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் மண்பாதை. அவள் பாட்டியை மாதம் இருமுறை திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சென்ற கார்த்திகையில் ஒருநாள் அவர்களது பழைய கார் சேற்றில் சிக்கியது. மூச்சிரைக்கும் பாட்டியை டிராக்டர் டிரெய்லரில் பாய் விரித்துப் படுக்கவைத்து, குடை பிடித்துக்கொண்டு போனார்களாம். அன்று முதல் அவள் தந்தை நான்கு சக்கர இயக்கமுள்ள கார் வாங்கியே தீர்வது என்று இருந்தார். கடன் பெரிதாயிற்றே என்று தாய் கலங்கினார்.

நம் தோழி ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கிட்டாள். ஓர் ஆண்டில் பாதை கெடும் நாட்கள் எத்தனை? நாற்பதுக்கு மேல் இல்லை. கெடும் இடம் எவ்வளவு? ஒரு கிலோமீட்டரில், நீர் தேங்கும் இருநூறு அடி மட்டுமே. "அப்பா, வண்டியை மாற்றுவதற்கு முன் பாதையை மாற்றினால் என்ன?" என்று கேட்டாள். அக்கம்பக்கத்து நான்கு குடும்பங்கள் சேர்ந்து அவ்விடத்தில் கல்லும் கிராவலும் கொட்டி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டின. தந்தை, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், தரையிலிருந்து நல்ல உயரமுள்ள ஒரு சிறு காரை வாங்கினார். இப்போது பாட்டி சிரமமின்றி ஏறி அமர்கிறார். அதே பாதையில் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் மழையிலும் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள்.

அதற்காக டாக்டர் அம்மாவின் தேர்வு தவறா? இல்லை. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று செல்பவர் எல்லாப் பாதைகளையும் செப்பனிட முடியாது. அவருக்கு அந்த வண்டி ஆடம்பரமன்று, கருவி. பச்சைமலை அடிவாரத்தில் இருப்போருக்கும் அவ்வாறே.

ஆகவே தோழியரே! நாளை நம் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால், விளம்பரத்தில் மலையேறும் படத்தைக் கண்டு மயங்காதிருப்போம். நம் பாதை எது, நம்முடன் வருபவர் யார், ஆண்டில் எத்தனை நாள் தேவை என்று கேட்போம். வேனைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டு, கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துச் சென்ற அந்த டிராக்டர்க்கார அண்ணனையும் மறவாதிருப்போம். எந்த வண்டி சிக்கினாலும், கடைசியில் கயிறு கொண்டு வருவது ஒரு மனிதரே.