ஒரு வீடும் விடுபடாமல்

செங்காங்கில், பதினைந்தாம் மாடியில் உள்ள ஒரு வீட்டில் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் முதலில் புளோக்கின் கூரைமேல் உள்ள தொட்டிக்கு ஏற்றப்படுகிறது. பிறகு அங்கிருந்து இறங்கி வீடுகளுக்கு வருகிறது. உயரத்தில் இருக்கும் நீர் தாழ்வான இடத்தை நோக்கித் தானே பாயும். இந்த எளிய இயற்கை விதியைக் கொண்டே இந்தியாவின் ஒடிசா மாநிலத்து மலைக்கிராமங்கள் பலவற்றிலும் குழாய்நீர் வருகிறது. ஆனால் அங்கே தொட்டியைக் கட்டியவர்களும் அதைப் பராமரிப்பவர்களும் அந்த ஊர் மக்களே.

ஒடிசாவின் தென்பகுதியில் சவரா, கோந்த் முதலிய பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. முன்பு அங்கே தண்ணீர் கொண்டுவருவது பெண்களின் வேலையாகவே இருந்தது. ஓடைக்கும் வீட்டுக்கும் இடையே அவர்கள் குடத்தோடு பலமுறை நடந்தார்கள். வீடுகளில் கழிவறை இல்லாததால் மக்கள் புதர் மறைவுகளையும் ஓடைக்கரைகளையும் நாடினார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மழை பெய்ததும் அந்தக் கழிவு ஓடையில் கலந்தது. அதே நீரைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது.

1971ஆம் ஆண்டு ஒடிசாவைப் பெரும் புயல் தாக்கியது. அப்போது உதவி செய்யச் சென்ற சென்னைப் பல்கலைக்கழக மாணவர் குழுவில் ஒருவர், கேரளத்தைச் சேர்ந்த ஜோ மடியத். புயல் ஓய்ந்த பின்னும் அவரும் நண்பர்கள் சிலரும் ஊர் திரும்பவில்லை. 1979இல் 'கிராம் விகாஸ்' என்ற தொண்டு நிறுவனத்தை அவர் தொடங்கினார். சாண எரிவாயுக் கலன்களை அமைத்துக் கொடுப்பது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. சிற்றூர் மக்களின் நோய்களுக்குப் பெரும்பாலும் அசுத்தமான நீரே காரணம் என்பது தெரிந்ததும் நிறுவனத்தின் கவனம் அதன் பக்கம் திரும்பியது. 1992இல் ஐந்து ஊர்களில் 337 குடும்பங்களுடன் புதிய திட்டம் தொடங்கியது.

அந்தத் திட்டத்தின் முதல் நிபந்தனை பலரை மலைக்க வைத்தது. ஊரில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர வேண்டும். ஒரே ஒரு குடும்பம் மறுத்தாலும் அந்த ஊரில் வேலை தொடங்காது.

இது சற்றுக் கடுமையான விதியாகத் தோன்றலாம். ஒருவருடைய பிடிவாதத்துக்காக ஊர் முழுவதும் ஏன் காத்திருக்க வேண்டும்? நோய்க்கிருமிகள் பரவும் விதத்தில் இதற்கு விடை இருக்கிறது. நூறு வீடுகளில் தொண்ணூற்றொன்பது வீட்டார் கழிவறையைப் பயன்படுத்தினாலும், ஒரு வீட்டார் ஓடைக்கரைக்குப் போனால் அந்த நீரிலிருந்து நோய் மற்றவர்களுக்கும் பரவும். தன் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவரின் குழந்தையும் அதற்குத் தப்பாது.

ஆகவே வேலை தொடங்குவதற்கு முன் பேச்சே நீண்டது. சில ஊர்கள் ஒத்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின. கலப்பு ஊர்களில் சாதி குறுக்கே நின்றது. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு ஒரே தொட்டி நீரைப் பகிர்ந்துகொள்ளச் சிலர் தயங்கினார்கள். தொட்டி ஒன்றுதான், குழாயும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் என்பதில் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர்க்குழுவில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் இடம்பெற வேண்டும் என்பதிலும் அது உறுதியாக இருந்தது. தண்ணீர் சுமந்தவர்கள் பெண்கள்தாமே!

அடுத்தது பணம். ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக 1,000 ரூபாய் கொடுத்து ஒரு பொதுநிதியை உருவாக்க வேண்டும். கையில் காசு குறைவாக உள்ளவர்கள் குறைவாகவும் வசதி உள்ளவர்கள் கூடுதலாகவும் கொடுக்கலாம். மக்கள் கல்லும் மணலும் சேர்த்தார்கள், உடலுழைப்பும் தந்தார்கள். ஊர் இளைஞர்கள் கொத்தனார் வேலையைக் கற்றுக்கொண்டார்கள். பின்னர் அதுவே பலருக்குப் பிழைப்பும் ஆனது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவறையும் ஒரு குளியலறையும் கட்டப்பட்டன. கழிவறைக்குப் பின்னால் இரண்டு குழிகள் உண்டு. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டுக் கழிவை மற்றொன்றுக்குத் திருப்புவார்கள். மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டுகளில் மக்கி, கெட்ட நாற்றமில்லாத எருவாகிவிடும். மலைமேல் உள்ள சுனைநீர் வடிகட்டப்பட்டுக் குழாய் வழியே ஊர்த் தொட்டிக்கு இறங்குகிறது. இதற்கு மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். கழிவறை, குளியலறை, சமையலறை மூன்றிலும் குழாய் உண்டு. ஆனால் கடைசி வீட்டின் கழிவறை முடியும்வரை எந்த வீட்டுக்கும் தண்ணீர் திறந்துவிடப்படாது.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் இருந்ததா? நோபெல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் எஸ்தர் டுஃப்லோ, ஆய்வாளர்கள் சிலருடன் சேர்ந்து, இத்திட்டம் நடந்த ஏறக்குறைய நூறு ஊர்களை ஆராய்ந்தார். 2015இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. வயிற்றுப்போக்குக்காகச் சிகிச்சை பெற்ற நிகழ்வுகள் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தன. ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பலன் நீடித்தது.

சிங்கப்பூரருக்கும் இந்தக் கதை அந்நியமானதன்று. இங்கேயும் வீடு வீடாக மலவாளிகளை எடுத்துச் செல்லும் முறை 1987இல்தான் முற்றிலும் முடிவுக்கு வந்தது. நவம்பர் 19ஆம் நாளை உலகக் கழிவறை நாளாக அறிவிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் 2013இல் தீர்மானம் கொண்டுவந்த நாடும் சிங்கப்பூர்தான்.

ஒடிசாவில் இத்திட்டம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. ஊர்க்குளத்தில் மீன் வளர்த்து, வரும் வருமானத்தைப் பராமரிப்புக்குச் செலவிடும் ஊர்களும் உண்டு. மக்கள் கொடுத்த பொதுநிதியோ வங்கியிலேயே இருக்கிறது. அதன் முதலை யாரும் தொடுவதில்லை; வட்டிக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. ஊரில் யாராவது திருமணமாகித் தனிக்குடித்தனம் போய்ப் புதுவீடு கட்டினால், அந்த வீட்டுக் கழிவறைக்கு வட்டிப் பணத்திலிருந்து உதவி செய்கிறார்கள்.