பற்சில்லுகள் கற்பித்த பாடம்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து 1962இல் வெளிவரத் தொடங்கியது எம்.ஜி.பி. என்னும் பந்தயப் பாங்கான கார். என்னிடமுள்ள அத்தகைய பழைய வண்டியின் கியர்ப் பெட்டியை அண்மையிற் பிரித்தேன். அதற்கு எஞ்சினையும் வெளியே தூக்க நேர்ந்தது.

இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களில், சுழலும் உறுப்புகளின் வேகத்தை ஒன்றுபடுத்தும் செப்புக் கலப்புலோக வளையங்கள் உள. உருக்குப் பற்கள் மோதாதபடி காத்துத் தாம் தேய்வதே அவற்றின் தொழில். அவற்றை மாற்றினேன்.

முதற் கியருக்கோ, 1967 வரை செய்யப்பட்ட பெட்டிகளில், அவ்வளையம் இல்லை. வண்டி ஓடுகையில் அதனை இட விரும்பின், கிளச்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சின் வேகத்தைக் கூட்டல் வேண்டும். நான் அவசரப்பட்ட நாள்களெல்லாம் அதன் பற்களிற் சிதைவாகப் பதிந்திருந்தன. புதிய பற்சில்லைப் பொருத்திப் பெட்டியை மூடினேன். என் கை பொறுமை பழகாவிடின் இதுவும் அவ்வாறே சிதையும்.