புதுக் கைப்பேசியின் திரை மஞ்சளாகத் தெரிகிறதா? கடைக்கு ஓடுமுன் கொஞ்சம் பாருங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உம்பாயில் என் அக்காள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம். அக்காள் மகள் மலாக்கா டவுனில் ஒரு கடையில் ஆயிரத்து முந்நூறு வெள்ளி கொடுத்துப் புதுக் கைப்பேசி வாங்கி வந்திருந்தாள். அதே மாடலை அவள் தம்பி மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கியிருந்தான். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புலனத்தைத் திறந்தபோதுதான் வினை தொடங்கியது. தம்பியுடைய திரை பால் போல வெள்ளை. அவளுடையது மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த வேட்டி மாதிரி இருந்தது.

"மாமா, யாரோ திருப்பிக் கொடுத்த செட்டை என் தலையில கட்டிட்டாங்க" என்று அழாத குறை. கடையின் ரசீதில் "ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்" என்று இருந்தது. அன்று ஐந்தாவது நாள்.

அவள் வெறும் பொழுதுபோக்குக்காக அந்தக் கைப்பேசியை வாங்கவில்லை. வேலை முடிந்து வந்த பிறகு, மெர்லிமாவ், ஜாசின் பக்கத்துப் பெண்களுக்குப் புலனம் வழியாகச் சேலையும் பஞ்சாபி உடையும் விற்கிறாள். தீபாவளி மாதம்தான் அவளுக்கு அறுவடை. "நீங்க அனுப்பின படத்துல அரக்கு, வந்தது செங்கல் நிறம்" என்று ஒருத்தி சேலையைத் திருப்பி அனுப்பினால் அன்றைய லாபம் அஞ்சல் செலவுக்கே சரியாகிவிடும். ஆகவே இதைப் பெண்பிள்ளையின் வீண் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியவில்லை.

இது அவளுக்கு மட்டும் வந்த குறையும் அல்ல. 2010 ஜூன் மாதம் ஐபோன் 4 வெளிவந்தபோதே பலர் திரையில் மஞ்சள் திட்டுகளும் பட்டைகளும் தெரிவதாகப் புகார் சொன்னார்கள். கண்ணாடியை ஒட்டிய பசை முழுதாகக் காயாததுதான் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. சிலருக்குச் சில நாளில் அது தானாகவே மறைந்தும் போனது. 2017 ஏப்ரலில் தென் கொரியாவில் சாம்சங் கேலக்சி எஸ்8 வாங்கியவர்கள் திரை சிவப்படிப்பதாகக் குறைகூறினார்கள். இது கருவியின் கோளாறு அல்ல, அமைப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று சொன்ன நிறுவனம், சில நாளில் அதற்கென்றே ஒரு மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியது. அதே ஆண்டு இறுதியில் கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் கைப்பேசியைச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகத் தெரிகிறது என்ற பேச்சு கிளம்பியது. மற்றத் திரைக் குறைகளும் சேர்ந்துகொள்ள, கூகுள் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டாக நீட்டித்தது. பல ஆயிரம் கொடுத்து வாங்கும் கைப்பேசியிலும் இதே கதைதான்.

ஒரே பெட்டி, ஒரே மாடல், ஒரே விலை. பிறகு ஏன் இரண்டு வெள்ளை?

விலை குறைந்த கைப்பேசிகளில் பெரும்பாலும் எல்.சி.டி. வகைத் திரைதான் இருக்கும். அதன் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நாம் வெள்ளை விளக்கு என்று நினைக்கும் அது, உண்மையில் நீல ஒளி தரும் எல்.இ.டி. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைத் தடவுகிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. பூச்சு மயிரிழை கூடினால் வெள்ளையில் மஞ்சள் தட்டும், குறைந்தால் நீலம் தட்டும். தொழிற்சாலையில் இந்த விளக்குகளை நிறம் பார்த்து வகை வகையாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். அப்படிப் பிரித்த ஒரே வகைக்குள்ளும் சிறு வேறுபாடு இருக்கும்.

விலை கூடிய ஓ.எல்.இ.டி. திரையில் பின்விளக்கு கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். மூன்றில் ஒன்று சற்றுத் தூக்கலாக இருந்தாலே வெள்ளையின் முகம் மாறிவிடும். நேராகப் பார்க்கும்போது சரியாக இருப்பது, சாய்த்துப் பார்த்தால் நீலமாகவோ பச்சையாகவோ மாறுவதும் உண்டு. 2017இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது, இது இந்த வகைத் திரையின் இயல்பு என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்தது. போதாததற்கு, ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களிடமிருந்து திரை வாங்கிப் பொருத்தும் வழக்கமும் இருக்கிறது.

நம் பாட்டிமார்கள் வேட்டிக்கு நீலம் போட்டது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். துவைத்துத் துவைத்து மஞ்சளேறிய துணியில் ஒரு சொட்டு நீலம் கலந்தால் புது வெள்ளையாகத் தெரியும். துணி ஒன்றும் கூடுதலாக வெளுத்துவிடவில்லை, நீலம் தட்டிய வெள்ளையைத்தான் நம் கண் சுத்தமான வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. (ஒரு சொட்டு நீலத்தால் ஒரு பானைப் பாலும் கெட்டது என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். சலவைக்கு ஆகும், பாலுக்கு ஆகாது.) கடைக் கண்ணாடிப் பெட்டியில் நீலம் தட்டிய திரை பளிச்சென்று இருப்பதும் இதனால்தான். நிறத் துறையில் சரியான வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு ஏறக்குறைய 6500 கெல்வின். மின்விளக்குப் பெட்டியில் "டேலைட்" என்று அச்சடித்திருக்கிறதே, அதே எண்தான். பல கைப்பேசிகளை அதைவிட நீலமாகவே அமைத்து அனுப்புகிறார்கள். ஆகையால் இரண்டு திரையைப் பக்கத்தில் வைத்தால் மஞ்சளாகத் தெரிவதுதான் கெட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது. சில நேரம் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அக்காள் மகளிடம் இதையெல்லாம் அப்போது சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கைப்பேசியை வாங்கி முதலில் அமைப்புக்குள் போனேன். கண்ணுக்கு இதம் தரும் என்று ஓர் அமைப்பு எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. சாம்சங்கில் "ஐ கம்ஃபர்ட் ஷீல்ட்", ஐபோனில் "நைட் ஷிஃப்ட்", ஷாவ்மியில் "ரீடிங் மோட்". பொழுது சாய்ந்ததும் தானாகவே விழித்துக்கொண்டு திரையை மஞ்சளாக்கும்படி சிலவற்றில் வைத்திருப்பார்கள். ஐபோனில் "ட்ரூ டோன்" என்று இன்னொன்று, அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை மாற்றிக்கொண்டே இருக்கும். அவளுடைய கைப்பேசியில் இதம் தரும் அமைப்பு திறந்தே இருந்தது. அதை மூடியதும் பாதி மஞ்சள் போய்விட்டது.

அடுத்து, கடையில் இலவசமாக ஒட்டிக் கொடுத்த கண்ணாடி. நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கப்படும் கண்ணாடிகளில் இலேசான மஞ்சள் இருக்கும். அவள் கண்ணாடி சாதாரணமானதுதான், அதனால் குற்றமில்லை.

மீதி மஞ்சள் அப்படியே இருந்தது. அதற்குத் திரை நிறத்தை மாற்றும் இடம் இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், திரை அமைப்புக்குள் நிறத்தைக் குளிர்ச்சிப் பக்கமோ வெப்பப் பக்கமோ நகர்த்தும் ஒரு கோடு வரும். குளிர்ச்சி என்றால் நீலம், வெப்பம் என்றால் மஞ்சள். ஐபோனில் அணுகல் வசதிகளுக்குள் "கலர் ஃபில்டர்ஸ்" என்ற இடத்தில் சாயலை இலேசாக மாற்றலாம். இரண்டு புள்ளி குளிர்ச்சிப் பக்கம் நகர்த்தியதும் தம்பியின் திரைக்கு மிக அருகில் வந்துவிட்டது. அப்படியே விடியும்வரை அந்த இரண்டாவது கைப்பேசியை அவள் கண்ணில் காட்டாதே என்று அக்காளிடம் சொல்லிவிட்டு வந்தேன். கோயிலில் எண்ணெய் விளக்கொளியில் நிற்கும் ஐயரின் வேட்டி நமக்கு மஞ்சளாகத் தெரிவதில்லை, வெள்ளையாகத்தான் தெரிகிறது. கண் சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும். பக்கத்தில் வேறொன்றை வைத்துப் பார்த்தால்தான் பழகாது.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்கும் போனேன். காட்சிக்கு வைத்திருந்த அதே மாடலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அது இரண்டுக்கும் நடுவில் இருந்தது! மாற்றிக் கேட்டால் கிடைக்கும் புதுப் பெட்டியில் எந்த நிறம் வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. அவள் இப்போது பார்ப்பதைவிட மஞ்சளாக வரலாம், அல்லது நிறம் சரியாக இருந்து ஓரத்தில் ஒரு புள்ளி செத்திருக்கலாம். திரை முழுவதும் ஒரே சீராக இருந்த தன் கைப்பேசியைத் தானே வைத்துக்கொண்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

சேலை வியாபாரத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. அவள் திரையை எவ்வளவு நேர்த்தியாக வைத்தாலும், வாங்குகிற பெண்ணின் கைப்பேசி எந்த நிறத்தில் காட்டும் என்று யாருக்குத் தெரியும்? இப்போது இரவில் விளக்கடியில் படமெடுப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் வாசல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் ஒன்றைச் சேலையின் ஓரத்தில் வைத்து எடுக்கிறாள். படத்தின் கீழே நிறத்தைத் தமிழில் எழுதுகிறாள்: மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து நீலம். மயில் கழுத்து என்றால் எந்தத் திரையில் பார்த்தாலும் வாங்குகிறவளுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனால் எல்லாத் திரையையும் இப்படிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவரின் கைப்பேசியில் கீழ்ப்பாதி மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. மேல்பாதி நன்றாக இருந்தது. எந்த அமைப்பை மாற்றினாலும் திரை முழுவதும்தான் மாறுமே தவிர, ஒரு பாதியை மட்டும் மாற்ற முடியாது. இது சாயல் அல்ல, பழுது. நிறம் திட்டுத் திட்டாக இருந்தாலோ, ஒரு ஓரம் மட்டும் வேறாக இருந்தாலோ, பச்சைக் கோடு ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடினாலோ யோசிக்காமல் மாற்றக் கேட்கலாம். இருட்டறையில் ஒளியைக் குறைத்து, சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திரை முழுவதும் வைத்துப் பாருங்கள். திட்டு இருந்தால் அப்போது மறைந்திருக்காது.

சாட்சிக்குத் திரைப்பிடிப்பு எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி ஏமாந்தவர்கள் உண்டு. கோளாறு திரைக் கண்ணாடிக்குள் இருப்பதால் திரைப்பிடிப்பில் அது விழாது, அவர் கைப்பேசியில் படம் சுத்தமாகத் தெரியும். இன்னொரு கைப்பேசியால்தான் படமெடுக்க வேண்டும். அதுவும் நல்ல திரை ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். தனியாக எடுத்தால் கேமரா தானாகவே வெள்ளையைத் திருத்திவிடும்.

பெரியவர் செய்த தவறு, ஓய்வு நாள் வரட்டும் என்று காத்திருந்தது. பன்னிரண்டாவது நாள் போனார். "ஏழு நாள் தாண்டிடுச்சு அங்கிள்" என்று கடைக்காரப் பையன் கையை விரித்துவிட்டான். பெட்டியில் ஒரு தாளும் அவன் ஒட்டிக் கொடுத்திருந்தான், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று.

இங்கேதான் நம்மவர்கள் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏழு நாள் என்பது கடை வைத்த கணக்கு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதன் விலை, தன்மை, பெட்டியில் எழுதியிருப்பது இவற்றையெல்லாம் வைத்து, நியாயமான ஒரு பயனீட்டாளர் ஏற்றுக்கொள்வாரா என்பதுதான் அளவுகோல். கடையில் அட்டை மாட்டி வைத்து இந்த உரிமையை எடுத்துவிட முடியாது. ஆனால் பழுதைக் கண்ட பிறகு மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, பொருளே வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வழியில்லை. நியாயமான காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதேபோல, தம்பியுடையதைவிடக் கொஞ்சம் மஞ்சள் என்பதை இந்தச் சட்டத்தின் கீழ் பழுது என்று நிலைநாட்டுவது கடினம். பாதித் திரை இளஞ்சிவப்பு என்பது வேறு.

கடை மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, கடைக்காரரும் நம்மைப் போலத் தானே வந்து பேச வேண்டும். ரசீது, பெட்டி, எடுத்த படங்கள், கடையோடு நடந்த புலன உரையாடல், இவை போதும். ரசீது மங்கிவிடும் தாளில் இருந்தால் வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடையில் "ஏ.பி. செட்" என்று நூறு இருநூறு வெள்ளி குறைத்துச் சொன்னால் யோசியுங்கள். அவற்றுக்குப் பொதுவாகக் கடையின் உத்தரவாதம் மட்டும்தான். தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையத்தில் இங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

நல்ல வேளை, பெரியவர் வாங்கியது அசல் மலேசிய செட். தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருக்கவில்லை. ஓராண்டு உத்தரவாதம் இருந்ததால் நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஒன்பது நாளில் திரையையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், காசு வாங்கவில்லை. புதுத் திரை ஒரே சீராக இருக்கிறது. பழைய திரையின் நல்ல பாதியைவிட இது கொஞ்சம் நீலம். அவர் இன்னும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.