முதுகுப்புற முடிச்சு

பாதுகாப்பு அங்கியின் முடிச்சு முதுகுப்புறம் இருக்கும். தானே கட்டிக்கொள்வது சிரமம். கெமாஸ் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குத் தாதியாகப் போன எனக்கு, 1999-இல் அதைக் கட்டிவிட்டவர் ஒரு மலாய் அக்கா.

அது நிப்பா காலம். புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளிலிருந்து காய்ச்சலோடு வந்தவர்கள் பலர் நினைவிழந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நம்பினோம். மார்ச்சில்தான் புதிய கிருமி என்று தெரிந்தது. நாட்டில் 265 பேரைத் தாக்கி, 105 உயிர்களைப் பறித்தது.

படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிவிட இருவர் வேண்டும். நான் அப்போது கர்ப்பிணி. “தலைமாட்டுக்கு நீ வராதே” என்று சளி உறிஞ்சும் வேலையை அக்காவே எடுத்துக்கொண்டார். பணிப்பட்டியலில் இதெல்லாம் ஏறாது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று அவருடைய வேலையை நான் பார்த்தேன். அன்று முடிச்சுப் போட வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது.