செவ்வாயில் இரண்டாவது வேலை

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி பாராசூட்டில் தொங்கியபடி செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வந்து சேரவே 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். கீழே பாறையா, மணல்மேடா, சமதரையா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. தரையைத் தானே படமெடுத்து, கையிலிருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்துக்கு மேலே இருக்கிறோம் என்பதை ஊர்தி சில விநாடிகளில் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதன் முதன்மைக் கணினியால் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. கதிர்வீச்சைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்ட ராட்750 செயலி அது. வேகம் 200 மெகாஹெர்ட்ஸ்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அதைவிடப் பல மடங்கு வேகமானது. படம் பார்க்கும் வேலையைத் தூக்கிச் சுமந்தது பக்கத்தில் இருந்த வேறொரு சில்லு: ஸைலிங்ஸ் நிறுவனத்தின் விர்டெக்ஸ்-5. தரையிறங்கியதும் அதன் முதல் வேலை முடிந்துபோனது. பிறகு அந்தச் சில்லுக்குள் இருந்த மின்சுற்றை அழித்துவிட்டு, ஊர்தி ஓடும்போது வழி பார்க்க உதவும் வேறொரு மின்சுற்றை எழுதினார்கள். முந்தைய ஊர்தியான கியூரியாசிட்டி தானாக வழி தேடிச் சென்றால் மணிக்கு 20 மீட்டர் நகரும். பெர்சிவரன்ஸ் 120 மீட்டர் வரை போகிறது. ஓடிக்கொண்டே யோசிக்க முடிவதுதான் காரணம்.

மென்பொருளை மாற்றியிருப்பார்கள், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். இங்கே மாறியது மென்பொருள் அல்ல, வன்பொருளே.

சாதாரணச் செயலிக்குள் கூட்டுவதற்கு, பெருக்குவதற்கு என்று தனித்தனிச் சுற்றுகள் தொழிற்சாலையிலேயே அச்சாகிவிடுகின்றன. மென்பொருள் அவற்றை வரிசையாக ஏவுகிறது, அவ்வளவுதான். எஃப்.பி.ஜி.ஏ. என்று துறையினர் அழைக்கும் இந்தச் சில்லுகளில் அப்படி முன்கூட்டித் தீர்மானித்த சுற்று அதிகம் கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களும், அவற்றை விரும்பியபடி இணைக்கும் கம்பிகளும் நிரம்பிக் கிடக்கும். ஒவ்வொரு கட்டமும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைப் போன்றது. கணக்குப் போடாது, மனப்பாடமாக வைத்திருக்கும் விடையைச் சொல்லும். நான்கு உள்ளீடுகள் என்றால் 16 வகைச் சேர்க்கைகள். எனவே 16 விடைகளை எழுதிவைக்கும் அளவு நினைவகம் போதும். அந்த 16 இடங்களில் 0, 1 ஆகியவற்றை மாற்றி மாற்றி நிரப்பினால் 65,536 விதமான தருக்கச் செயல்களில் எதை வேண்டுமானாலும் அந்த ஒரே கட்டம் செய்யும். கம்பிகளில் எது எதோடு சேர வேண்டும் என்பதும் நினைவகத்தில் எழுதிவைத்த குறிப்புதான். குறிப்பை மாற்றினால் சுற்று மாறிவிடும். கட்டளைக்காகக் காத்திராமல் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் இயங்குவதால், குறைந்த துடிப்பு வேகத்திலும் இவை செயலிகளை முந்துகின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. விண்வெளிக் கதிர் ஒன்று தாக்கி நினைவகத்தில் ஒரு 0 1 ஆகிவிட்டால் தப்பாவது தரவு மட்டுமல்ல, சுற்றே வேறு சுற்றாகிவிடும். அதனால்தான் செவ்வாய்க்குப் போன சில்லின் நினைவக அறைகள் தனிப் பாதுகாப்போடு வடிவமைக்கப்பட்டவை.

நிலையான பகுதியும் மாறும் பகுதியும் சேர்ந்த கணினி என்ற யோசனையை 1960-லேயே கலிஃபோர்னியாவில் ஜெரால்ட் எஸ்ட்ரின் முன்வைத்துவிட்டார். அதைக் கடையில் வாங்கும் சரக்காக்கியவர் ஸைலிங்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராஸ் ஃப்ரீமன். 1985-இல் வந்த அவரது முதல் சில்லில் 64 கட்டங்கள். டிரான்சிஸ்டருக்குக் கஞ்சத்தனம் பார்த்த காலம் அது. அதை இப்படி வாரி இறைப்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். டிரான்சிஸ்டர் மலிந்துகொண்டே போகும் என்று ஃப்ரீமன் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு பலித்ததை முழுதாகப் பார்க்க அவர் இல்லை; 1989-இல் இறந்துவிட்டார்.

இந்தச் சில்லுகளின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1996-இல் ஏட்ரியன் தாம்ப்சன் செய்த சோதனை. 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளைப் பிரித்தறியும் சுற்று வேண்டும். அவர் அதை வரையவில்லை. சில்லின் மூலையில் 100 கட்டங்களை ஒதுக்கி, குருட்டாம்போக்கில் நிரப்பி, தேறியவற்றைக் கலந்து, ஆயிரக்கணக்கான தலைமுறைகள் வளரவிட்டார். கடைசியில் சுற்று வேலை செய்தது. எப்படி என்பதுதான் புதிர். நேரம் காட்டும் துடிப்பே அதற்குத் தரப்படவில்லை. வெளியீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத சில கட்டங்களைச் செயலிழக்கச் செய்தால் சுற்று தடுமாறியது. அதே சில்லின் வேறு மூலைக்கு மாற்றினாலும் தடுமாறியது. அந்தச் சிலிக்கான் துண்டுக்கே உரிய நுண்ணிய மின்குணங்களை அது பயன்படுத்திக்கொண்டிருந்தது. எந்தப் பொறியாளரும் அப்படி ஒரு சுற்றை வரைந்து கையெழுத்துப் போடமாட்டார்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் நம் கைபேசிக்குள் இது ஏன் கோலோச்சவில்லை? வளைந்துகொடுப்பதற்கு விலை உண்டு. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் இயன் கூனும் ஜோனதன் ரோஸும் அளந்து பார்த்தார்கள். ஒரு தருக்கச் சுற்றை அதற்கென்றே வார்த்த சில்லில் செய்வதைவிட எஃப்.பி.ஜி.ஏ.வில் செய்தால் சராசரியாக 35 மடங்கு இடமும், 14 மடங்கு இயங்கு மின்சாரமும் பிடித்தன. வேகமும் மூன்று, நான்கு மடங்கு குறைந்தது.

பெரிய நிறுவனங்கள் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் 1,632 சர்வர்களில் இந்தச் சில்லுகளைப் பொருத்தி, பிங் தேடலில் தரவரிசையிடும் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதாக 2014-இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே 1,670 கோடி டாலர் கொடுத்து, இந்தச் சில்லுகளைத் தயாரிக்கும் அல்டெரா நிறுவனத்தை வாங்க இன்டெல் ஒப்பந்தம் போட்டது. கூகுளோ செயற்கை நுண்ணறிவுக்கென்றே டி.பி.யு. என்ற மாறாத சில்லை வார்த்தது. 2025-இல் அல்டெராவின் 51 சதவீதத்தை இன்டெல் விற்றபோது நிறுவனத்தின் மதிப்பு 875 கோடி டாலராகச் சுருங்கியிருந்தது. வேலை இன்னதென்று உறுதியாகி, கோடிக்கணக்கில் தேவை இருந்தால் வார்த்த சில்லே வெல்லும். வேலை மாறிக்கொண்டே இருக்கும் இடத்திலும், போய் மாற்ற முடியாத இடத்திலும்தான் எஃப்.பி.ஜி.ஏ.வுக்கு மரியாதை.

புதிய சில்லை வார்க்குமுன் ஒத்திகை பார்க்கும் மேடையும் அதுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலியும் இந்தச் சில்லுகளில்தான் ஓட்டிப் பார்க்கப்பட்டது. அதன் வடிவமைப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மின்னணுவியல் படிப்பவரா நீங்கள்? கல்லூரி ஆய்வக அலமாரியில் ஓர் எஃப்.பி.ஜி.ஏ. பலகை தூசி படிந்து கிடந்தால், கேட்டு வாங்கி, சக்தியை அதில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.