பெயரும் இடமும்: மாதிரிப் புகையிரத இயந்திரங்களுக்கு முகவரி இடுதல்

ஒரு பொருளை ஏவல் கொள்ள வேண்டுமாயின், அதனை ஏனையவற்றினின்றும் வேறுபடுத்தி அழைத்தற்குப் பெயரொன்று வேண்டும். வகுப்பில் ஆசிரியர் ‘எழுந்து நில்’ எனப் பொதுப்படக் கூறின் மாணவர் அனைவரும் எழுவர். பெயர் சுட்டிக் கூறின் ஒருவனே எழுவான். இவ்வெளிய உண்மையே இக்கால மாதிரிப் புகையிரதங்களை இயக்கும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டின் அடிப்படையாகும். எனினும் பெயர் ஒன்றே போதுமா என்னும் வினாவும் இதனுடன் எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வன்னிப் பெருநிலத்தின் ஊடே செல்லும் வடபகுதிப் புகையிரதப் பாதை துணை செய்யும். 1905ஆம் ஆண்டில் முற்றுப்பெற்று யாழ்ப்பாணத்தைக் கொழும்புடன் இணைத்த இப்பாதை, வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்களைத் தொட்டு ஆனையிறவைக் கடக்கின்றது. ஒற்றைப் பாதையிலே எதிரெதிராக வரும் வண்டிகள் மோதாமற் காத்தல் எங்ஙனம்? இலங்கைப் புகையிரதச் சேவையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிய முறை ‘ரப்லெற்’ எனப்படும் தகட்டு முறையாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டதும், அது மீண்டும் இவற்றுள் ஒன்றினுள் இடப்படும் வரை வேறொரு தகட்டை எடுத்தல் இயலாது. தகட்டைக் கையிற் பெற்ற சாரதியே அக்கூற்றினுள் நுழைய உரியவர். இங்கே வண்டியின் பெயர் பொருட்டன்று. பாதையின் கூறே ஆளப்படுகின்றது.

மாதிரிப் புகையிரதங்களும் முன்னர் ஏறத்தாழ இவ்வாறே ஆளப்பட்டன. இரு தண்டவாளங்களிலும் நேர்மின்னோட்டம் செலுத்தப்பட்டது. மின்னழுத்தம் கூடின் வேகம் கூடும். முனைகள் மாறின் திசை மாறும். இரணைமடுக் குளத்தின் வாய்க்காலில் விடப்பட்ட நீர், மதகு திறந்துள்ள வயல்கள் எல்லாவற்றிலும் பாய்வது போல, அம்மின்னோட்டம் பாதையில் நின்ற இயந்திரங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே இயக்கியது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட விரும்பியோர், பாதையைக் கூறு கூறாகப் பிரித்து ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் ஆளி பொருத்த வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியது இலக்கமுறைக் கட்டுப்பாடு. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களில் இதற்குப் பொதுத் தரநிலைகளை வகுத்தது. இம்முறையில் தண்டவாளங்களில் எப்பொழுதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதன் முனைகள் இடையறாது மாறிக்கொண்டேயிருக்கும்; அம்மாற்றத்தின் கால அளவே செய்தியாகின்றது. 58 மைக்குரோசெக்கன் நீடிக்கும் குறுகிய துடிப்புகள் 1 என்னும் இலக்கத்தையும், 100 மைக்குரோசெக்கனும் அதற்கு மேலும் நீடிப்பவை 0 என்னும் இலக்கத்தையும் குறிக்கும். ஒவ்வொரு செய்தியிலும் முதலில் முகவரியும், அடுத்துக் கட்டளையும், ஈற்றில் பிழை காண்பதற்கான சோதனை எண்ணும் அமையும். ஒவ்வோர் இயந்திரத்தினுள்ளும் ‘டிகோடர்’ எனப்படும் சிறு இலத்திரனியற் சுற்று உண்டு. அது எல்லாச் செய்திகளையும் கேட்கும். தன் முகவரி தாங்கியதற்கு மட்டும் பணியும். 0 என்னும் முகவரி அனைத்துக்கும் பொதுவானது; அவசர வேளையில் யாவற்றையும் ஒருங்கே நிறுத்த அது பயன்படும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் டிகோடர்கள் பொதுவாக 3 என்னும் முகவரியையே கொண்டிருக்கும். ஆதலின் புதிய இயந்திரங்கள் இரண்டை அவ்வாறே பாதையில் வைப்பின், ஒன்றுக்கு இட்ட கட்டளைக்கு இரண்டும் பணியும். முகவரியை மாற்றுதற்குத் தனித்த சிறு பாதையொன்றில் இயந்திரத்தை வைத்தல் வேண்டும். அங்கே செலுத்தப்படும் செய்திக்கு முகவரி இல்லை. அப்பாதையில் நிற்பவை எவையோ அவையெல்லாம் அதனை ஏற்கும். பெயர் பெறாத ஒன்றைப் பெயரால் அழைத்தல் இயலாதாகலின், பெயர் சூட்டும் வேளையில் அது தனித்து நிற்றல் இன்றியமையாதது.

எந்த எண்ணைச் சூட்டுவது? இயந்திரத்தின் உடலில் எழுதப்பட்ட எண்ணையே முகவரியாகக் கொள்ளல் பரவலான வழக்கு. கண்ணாற் கண்டதே கட்டளைக்கும் உரியதாகும். கனடா நாட்டிலிருந்து 1954இல் இலங்கைக்கு வந்த எம்-2 வகை டீசல் இயந்திரங்களுள் ‘அல்பேட்டா’ என்பதன் எண் 570 ஆகும். அதன் மாதிரிக்கு 570ஐ முகவரியாக இடுதலை நோக்கின், குறு முகவரி 127க்கு மேற்படாதாகலின் நெடு முகவரியே வேண்டப்படும். நெடு முகவரி டிகோடரின் 17ஆம், 18ஆம் நினைவறைகளில் எழுதப்படும். 570ஐ 256ஆல் வகுக்க ஈவு 2, மீதி 58. ஈவுடன் 192ஐக் கூட்டி வரும் 194 பதினேழாம் அறைக்கும், மீதி 58 பதினெட்டாம் அறைக்கும் உரியன. நெடு முகவரியையே கைக்கொள்க என்பதைக் குறிக்க, 29ஆம் அறையில் உள்ள எண்ணுடன் 32ஐக் கூட்டல் வேண்டும். இதனை மறந்தால் டிகோடர் பழைய குறு முகவரியையே பற்றி நிற்கும். இக்கணிதத்தை இக்காலக் கருவிகள் தாமே செய்யும். எனினும் காரணம் அறிந்தவனே பழுது நேர்ந்தவிடத்து அதனைத் திருத்த வல்லவன்.

ஒருவரின் வீட்டில் இவ்வளவு போதும். பலர் தத்தம் இயந்திரங்களைக் கொணர்ந்து ஒரே பாதையில் ஓட்டும் கழகத்திலோ, எண்களைப் பங்கிடும் ஒழுங்கு வேண்டும். இருவர் ஒரே எண்ணைக் கொண்டு வருவாராயின், ஒருவர் தம் இயந்திரத்தை முன்செலுத்த, மற்றவருடையது எங்கோ ஒரு மூலையில் தானே புறப்பட்டுச் சென்று பாதை முடிவில் விழக்கூடும். ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எண்களின் ஒரு தொகுதியை ஒதுக்கி, பதிவேடொன்றில் எழுதி வைத்தல் நல்லொழுங்காகும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருதல் தகும். முகவரி ‘யார்’ என்பதைக் கூறும். ‘எங்கே’ என்பதைக் கூறாது. கட்டளை நிலையம் 570ஐ நோக்கிச் செல் என்னும். அதன் எதிரே, அதே ஒற்றைப் பாதையில், 571 வந்துகொண்டிருப்பதை அது தானே அறியாது. வெவ்வேறு முகவரி உடைய இரு இயந்திரங்கள் குறையின்றிக் கட்டளைக்குப் பணிந்தே மோதிக்கொள்ளலாம். இதனாற்றான் பெரிய மாதிரிப் பாதைகளை அமைப்போர், இயந்திரத்துக்கு முகவரி இட்ட பின்னரும், பாதையைக் கூறுகளாகப் பிரித்து எக்கூற்றில் வண்டி நிற்கின்றது என்பதை உணரும் கருவிகளைப் பொருத்துகின்றனர். தகட்டு முறையின் உட்கருத்து புதிய உருவில் அங்கே மீண்டும் வந்து நிற்கின்றது.

1990இல் வன்னியூடான யாழ்ப்பாணச் சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்களும் அகற்றப்பட்டன. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்த பின், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டிகள் மீண்டும் ஓடின. வண்டியே காணாது வளர்ந்த ஒரு தலைமுறை வன்னியில் உண்டு. வவுனியா முதற் பரந்தன் ஈறான பாதையை மேசைமேல் அமைத்து, இயந்திரங்களுக்கு முகவரி இட்டு ஓட்டும் மாணவன், கணிதத்தையும் மின்னியலையும் மட்டும் கற்பானல்லன். ஏவலுக்குப் பெயர் வேண்டும், காவலுக்கு இடம் அறிதல் வேண்டும், இவ்விரண்டுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்னும் தெளிவையும் பெறுவான்.