பருத்திக்குள் ஓர் எழுத்து வேலை

உயிரியல் என்பது மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி, வணிகவியலும் வரலாறும் படிக்கும் மாணவர் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘செயற்கை உயிரியல்’ என்ற பெயரைக் கேட்டாலோ அச்சம் இன்னும் கூடிவிடுகிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் இதன் அடிப்படை விளங்கும். ஏனெனில் இது ஒருவகை எழுத்து வேலை. நமக்குப் பழக்கமான பருத்திச் செடியைக் கொண்டே அதைப் பார்ப்போம்.

கலப்பதும் எழுதுவதும்

பயிரை மாற்றி அமைப்பது கோவைக்குப் புதிதன்று. 1912-இல் இங்கு கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர், வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் தடித்த இனிப்புக் கரும்பை, மெலிந்த ஆனால் உறுதி மிக்க காட்டுக் கரும்போடு கலந்து, 1918-இல் ‘கோ 205’ என்ற ரகத்தை அளித்தார்கள். 1970-களில் இதே ஊரில் ‘சுஜாதா’ என்ற பருத்தியையும், ‘செயின்ட் வின்சென்ட்’ என்ற மேற்கிந்தியத் தீவுப் பருத்தியையும் கலந்து, மிக நீண்ட இழை தரும் ‘சுவின்’ உருவாயிற்று. இரு பெற்றோரின் பெயர்களும் அந்தப் பெயரில் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் உறவுள்ள செடிகளைத்தான் இவ்வாறு கலக்க முடியும். பருத்திக்கும் மண்ணில் வாழும் பாக்டீரியாவுக்கும் கலப்பு மணம் நடத்த இயலுமா? இயலாது. வேண்டிய பண்பை எழுத்தாக எழுதித்தான் செடிக்குள் நுழைக்க வேண்டும்.

நான்கே எழுத்துகள்

ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் நான்கு வகை இரசாயனப் பொருள்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளாகக் கொள்வோம். மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு சொல். ஒரு சொல், ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சொற்களின் வரிசைப்படி அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டால் புரதம் கிடைக்கும். ஒரு புரதத்தைச் செய்வதற்கான வாசகமே ஜீன், அதாவது மரபணு.

நான்கு எழுத்துகளைக் கொண்டு 64 மூவெழுத்துச் சொற்களை அமைக்கலாம். அவற்றுள் மூன்று, முற்றுப்புள்ளிகள். மற்ற 61 சொற்களும் குறிப்பவை 20 அமினோ அமிலங்களையே. ஆகவே ஒரே பொருளுக்குப் பல சொற்கள் உண்டு.

இந்த மொழியைப் படித்தறிய உதவியதற்காக 1968-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1970-இல் அவரது குழு ஒரு முழு ஜீனையே இரசாயன முறையில் எழுதி முடித்தது. அதன் நீளம் 77 எழுத்துகள். 2010-இல் கிரெய்க் வென்டரின் குழு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைக் கோத்து, ஒரு பாக்டீரியாவின் முழு வாசகத்தையும் உருவாக்கி, அதை உயிருள்ள அணுவில் இயங்கச் செய்தது. இப்படி உயிரின் வாசகத்தைத் திட்டமிட்டு எழுதுவதும் இயக்குவதுமே செயற்கை உயிரியல்.

ஒறம்பரையும் விருந்தாளியும்

பருத்திக்கு வருவோம். மண்ணில் வாழும் ‘பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற பாக்டீரியா ஒரு புரதத்தைச் செய்கிறது. காய்ப்புழு அதைத் தின்றால் குடலில் துளைகள் விழுந்து இறந்துபோகும். மனிதக் குடலில் அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடம் இல்லை. இதன் ஜீனைச் செடியில் புகுத்தினால் செடியே புழுவைத் தடுக்கும் அல்லவா?

அவ்வாறே புகுத்திப் பார்த்தார்கள். ஆனால் புரதம் மிகச் சொற்பமாகவே உண்டாயிற்று. காரணம், வட்டார வழக்கு! வீட்டுக்கு ‘ஒறம்பரை’ வந்திருப்பதாகக் கொங்கு நாட்டார் சொன்னால், அது விருந்தாளி என்று வெளியூர்க்காரருக்கு உடனே விளங்காது. அதுபோல, பாக்டீரியாவின் வழக்கில் எழுதிய ஜீனைச் செடி தட்டுத்தடுமாறியே படித்தது. சில இடங்களில் வாசகம் முடிந்துவிட்டதாகக் கொண்டு பாதியிலேயே நிறுத்தியது.

விஞ்ஞானிகள் பொருளை மாற்றாமல், செடிக்குப் பழகிய சொற்களில் ஜீனைத் திருப்பி எழுதினார்கள். புரதத்தின் அளவு 100 மடங்கு வரை உயர்ந்ததாக 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய ஜீன் கொண்ட பி.டி. பருத்தி, 2002 மார்ச்சில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு அனுமதி பெற்றது.

புழுவின் பதில்

பச்சைக் காய்ப்புழுவின் தொல்லை குறைந்தது; அதற்காக மருந்து தெளிப்பதும் குறைந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இலட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டு, எழுத்துப் பிழை போன்ற ஒரு மாற்றத்தால் அந்தப் புரதத்தைத் தாங்கிவிடும். மற்றவை மடிய, இவை மட்டும் பெருகும்.

இதைத் தடுக்க ஒரு வழி வகுத்திருந்தார்கள். வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது 20 விழுக்காடு நிலம், இவற்றில் எது மிகுதியோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும். அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகளோடு, தாங்கும் ஆற்றல் பெற்றவை இணைந்தால், குஞ்சுகள் பெரும்பாலும் அந்த ஆற்றலின்றிப் பிறக்கும். ஆனால் புழுவுக்கென்று நிலத்தை ஒதுக்க எத்தனை விவசாயிகளுக்கு மனம் வரும்? பலர் விதைக்கவில்லை. 2008-ஆம் ஆண்டுப் பருவத்தில் குஜராத்தில் அந்தப் புரதத்தைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு காணப்பட்டது. இரண்டு ஜீன்கள் கொண்ட பருத்தி 2006-இலேயே அனுமதி பெற்றிருந்தது. அதையும் இப்புழு சில ஆண்டுகளில் வென்றுவிட்டது.

யார் முடிவு செய்வது?

அடுத்து வந்தது கத்தரிக்காய். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ‘கோ 2’ உள்ளிட்ட நான்கு கத்தரி ரகங்களில் இத்தகைய ஜீனைச் சேர்த்தது. விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகங்கள் அவை. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தது. அண்டை நாடான வங்காளதேசமோ 2013-இல் அதை அனுமதித்தது.

ஒரே ஜீன், இருவேறு முடிவுகள். எழுதுவது எப்படி என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும். எழுதலாமா, விதை யாருடையது, இழப்பு வந்தால் யார் ஏற்பது என்பவை சட்டமும் பொருளாதாரமும் வரலாறும் படிப்பவர்கள் பதில் காண வேண்டிய கேள்விகள். நாளை இவை உங்கள் முன் வரும். அப்போது வெறும் அச்சத்தாலோ வெறும் வியப்பாலோ விடை சொல்லாமல், எழுத்தைப் படித்து விடை சொல்ல வேண்டும். நான்கே எழுத்துகள்தாம். கற்றுக்கொள்வது கடினமன்று.